சங்கு எடுப்பவனுக்கே சங்கா?

தூத்துக்குடிக் கடலில் எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்ணின் கையில் வளையல் ஆகிறது. அதை எடுத்துக் கொடுக்கிற ஆளின் கை கால் நன்றாக இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்?

முன்பு மூச்சை அடக்கிக் குளித்தார்கள். இப்போது படகில் கம்ப்ரசர். அதிலிருந்து ஒரு குழாய். அந்தக் காற்றை நம்பித்தான் கீழே இருக்கிறார்கள்.

"நல்ல ரப்பர் உடுப்பு கொடுத்தால் ஆபத்து தீர்ந்தது" என்பவர்கள் உண்டு. தீராது ஐயா! ரப்பர் உடுப்பு குளிரைத் தடுக்கும், சிராய்ப்பைத் தடுக்கும். கடலின் அழுத்தத்தைத் தடுக்காது.

10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அங்கே சுவாசிக்கிற காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. ஆள் விறுவிறுவென்று மேலே ஏறினால், சோடா புட்டியை உடைத்த கதைதான்! ரத்தத்தில் குமிழ் பொங்கும். மூட்டு வலிக்கும், கால் விழுந்துவிடும், உயிரும் போகும்.

இது பழைய பாடம். இங்கிலாந்தில் மூழ்கிக் கிடந்த 'ராயல் ஜார்ஜ்' போர்க்கப்பலை 1840-களில் அப்புறப்படுத்தியவர்கள் செப்புத் தலைக்கவசமும் தண்ணீர் புகாத உடுப்பும் போட்டுத்தான் இறங்கினார்கள். அவர்களுக்கும் வலி வந்தது. வாதம் என்று நினைத்தார்கள்! ஆடுகளை வைத்துச் சோதித்து, "நின்று நின்று மேலே ஏறு" என்று ஹால்டேன் கணக்குப் போட்டுக் கொடுத்தது 1908-இல்.

அழுத்தத்தையே தடுக்கிற உலோக உடுப்பும் உண்டு. 1979-இல் சில்வியா ஏர்ல் என்ற அம்மையார் அதைப் போட்டு ஹவாய்க் கடலில் 381 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்பினார். சங்கு குளிப்பவருக்கு அது கட்டுப்படியாகுமா?

ஆகவே கேட்பது இவ்வளவுதான். எத்தனை மீட்டர் ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருக்கலாம், எப்படி ஏறவேண்டும் என்று பயிற்சி கொடுங்கள். எஞ்சின் புகை காற்றுக் குழாயில் கலக்காதபடி பாருங்கள். வலி வந்தவரைத் தைலம் தேய்த்து வீட்டில் படுக்கப்போடாமல், அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வழி செய்யுங்கள்.

சங்குக்கு விலை பேசுகிறவர்கள், உயிருக்கும் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டாமா?