சிறைப்புறத்தில் சபை

அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது, விளக்குவதற்குச் சற்றுச் சிரமமான, ஆனால் விளங்கியதும் மாணவர் முகத்தில் சிரிப்பை வரவழைக்கிற உத்தி ஒன்று உண்டு. சிறைப்புறம். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். அவன் நிற்பது தோழிக்குத் தெரியும். ஆனால் அவள் அவனைப் பார்த்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. தலைவியிடம் பேசுகிறாள். ஊர் அலர் தூற்றுவதையும், அன்னை காவலைக் கடுமையாக்கியதையும், இரவு வழியின் ஆபத்தையும் அவளிடம் சொல்கிறாள். இவை அனைத்தும் தலைவி அறிந்தவையே. சொற்கள் தலைவிக்கு, பொருள் வேலிக்கு அப்பால் நிற்பவனுக்கு. காலம் கடத்தாமல் மணந்துகொள் என்பதே அதன் சாரம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இத்துறையில் அமைந்த பாடல்கள் பல உள்ளன.

காதலுக்கு இது அழகான உத்தி. ஜெபத்துக்கு இது கேடு. நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் பொது ஜெபங்களில் பெரும்பகுதி சிறைப்புறக் கூற்றுகளே என்பதுதான் இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. விளி கடவுளுக்கு; பேச்சு பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்கு.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு இதற்கு எடுத்துக்காட்டுத் தேவைப்படாது. ஆயினும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'ஆண்டவரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நடைபெறவிருக்கும் வாலிபர் கூடுகையை ஆசீர்வதியும்' என்பது அறிவிப்பு. 'கட்டட நிதிக்கு வாக்களித்தும் இன்னும் செலுத்தாதவர்களின் இருதயங்களைத் திறந்தருளும்' என்பது வசூல். 'பிள்ளைகளைக் கண்டிக்காத பெற்றோருக்கு உணர்வைத் தாரும்' என்பது இன்னார் வீட்டைக் குறித்தது என்று முன்வரிசைக்கும் தெரியும், பின்வரிசைக்கும் தெரியும். இவை ஒவ்வொன்றும் முன்னிலையில் தொடங்கிப் பணிவான ஏவலில் முடிகின்றன. இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் அந்த 'ஆண்டவரே' வெறும் முகவரி. கடிதம் வேறு வீட்டுக்கு.

என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த நாட்களில் சபையிலிருந்து ஒரு ஜெபக்குழு வந்தது. பெரியவர் ஒருவர் நீண்ட நேரம் ஜெபித்தார். அம்மா விழுந்த கதையைக் கடவுளுக்கு விவரித்தார். பின்பு, இந்த வீட்டில் ஆலயத்தை அசட்டை செய்கிறவர்கள் உண்டானால் இந்தப் படுக்கையைக் கண்டாவது அவர்கள் மனந்திரும்பவேண்டும் என்று வேண்டினார். வீட்டில் அப்படி இருந்தவன் நான் ஒருவன்தான். கண்களை மூடியபடி நின்றிருந்தேன். மறுமொழி சொல்ல வழியில்லை. ஜெபத்துக்குள் புகுந்து யார் பதில் சொல்ல முடியும்? அவர்கள் போனபின் அம்மா சொன்னாள்: 'அவரு ஒங்கிட்டதாம்ல பேசுனாரு. ஆண்டவர்ட்ட எனக்காவ ஒண்ணும் கேக்கலியே.'

அவளுடைய எலும்பு முறிவு எனக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையாக மாற்றப்பட்டுவிட்டது. அவளுக்காக வந்தவர்களின் ஜெபத்தில் அவள் இல்லை. இதை நான் சொந்த மனத்தாங்கலாக எழுதவில்லை. கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை எந்த இடத்தில் தேய்கிறது என்று காட்டவே எழுதுகிறேன். கடவுள் உண்மையிலேயே அந்த அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறவர், அவரை வைத்துக்கொண்டு இன்னொருவனைக் குத்திக்காட்டமாட்டார். நம் வீட்டு முற்றத்தில் பெரிய மனிதர் ஒருவர் அமர்ந்திருக்கும்போது அவரைப் பெயருக்கு விளித்துவிட்டு அடுத்தவரைத் திட்டுவோமா?

தமிழ்க் கிறிஸ்தவம் ஜெபமொழியைப் பற்றிச் சண்டையிடாத மரபு அல்ல. சண்டையிட்டதெல்லாம் வேறொன்றுக்காக. 1715இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டில் கடவுள் 'சர்வேசுரன்'. பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. 1871இல் வெளியான ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'தேவன்'. 1995இன் திருவிவிலியத்தில் 'கடவுள்'. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், அதே பாளையங்கோட்டைக்கு 1820இல் வந்த ரேனியஸ் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தியதைக் கடுமையாக எதிர்த்தார். இன்றும் 'ஜெபமா, செபமா', 'பிதாவா, தந்தையா' என்று இரு அணிகள் உண்டு. தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கும் இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதை இங்கே விட்டுவிடுகிறேன். எந்தப் பெயரால் அழைப்பது என்று மூன்று நூற்றாண்டுகளாக வாதிட்டோம். அழைத்தபின் அவரிடம் பேசுகிறோமா என்று கேட்கவில்லை.

இத்தனை மாற்றங்களிலும் மாறாமல் நின்ற சொல் ஒன்று உண்டு. 'நீர்'. நீ என்னும் ஒருமையும் அல்லாத, நீங்கள் என்னும் விலகலும் அல்லாத இடைச்சொல். தமிழகத்தின் பிற பகுதிகளில் இது பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்து மேடையிலும் ஆலயத்திலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நெல்லைச் சீமையிலோ அது தெருவில் உயிரோடு இருக்கிறது. மேலப்பாளையத்துத் தேநீர்க் கடையில் இரு நண்பர்கள் 'நீரு எப்ப வந்தீரு?' என்றுதான் விசாரித்துக்கொள்கிறார்கள். உரிமையும் மரியாதையும் சரிபாதியாகக் கலந்த விளி அது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிள்ளை கடவுளை 'ஓய்' என்றும் 'நீர்' என்றும்தான் கூப்பிடுகிறார். கிண்டல் கதை என்பார்கள். எனக்கு அது தமிழில் எழுதப்பட்ட ஒழுங்கான ஜெபங்களில் ஒன்றாகவே படுகிறது. ஏனெனில் அதில் பேசுகிறவர் கேட்கிறவரைப் பார்த்தே பேசுகிறார்.

என் தாயாரின் ஜெபமும் அப்படித்தான் இருந்தது. 'பாத்துக்கிட்டுத்தான இருக்கீரு? வலி தாங்கலையே.' அவ்வளவுதான். இதைவிடச் சிறந்த முன்னிலைக் கூற்றை நான் எந்தப் பிரசங்க பீடத்திலும் கேட்டதில்லை. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் பிறந்து, வைணவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆழ்வார்களிடம் கற்ற அந்த நேர்ப்பேச்சை விட்டுவிடாமல் உடன் கொண்டுவந்தார். இரட்சணிய மனோகரத்தின் உருக்கத்துக்குக் காரணம் அதுவே. அக்கவிஞர் அறிந்ததை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த என் தாயாரும் அறிந்திருந்தாள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். முதலாவது, பொது ஜெபம் சபைக்குப் பயன்பட வேண்டும் என்று பவுலே சொல்லவில்லையா என்பது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், அருகிலிருப்பவனுக்கு விளங்காத மொழியில் ஜெபித்தால் அவன் எப்படி ஆமென் சொல்வான் என்று அவர் கேட்கிறார். நன்று. ஆனால் ஆமென் சொல்கிறவன் ஜெபிக்கிறவனோடு ஒரே பக்கம் நின்று, ஒரே திசையை நோக்குகிறவன். அவன் கூட்டாளி. என்னைக் குறிவைத்த வேண்டுதலுக்கு நான் எப்படி ஆமென் சொல்வேன்?

இரண்டாவது மறுப்பு வலுவானது. லாசருவின் கல்லறை முன்பு இயேசு ஜெபித்தபோது, சூழ்ந்து நிற்கும் மக்களுக்காகவே இதைச் சொல்கிறேன் என்றார். இது யோவான் 11இல் உள்ளது. அப்படியானால் அவரே சிறைப்புறமாகப் பேசவில்லையா? இல்லை. தோழியின் உத்தியில் நோக்கம் மறைந்திருக்கும். இங்கே அது வெளிப்படையாகப் பிதாவிடமே சொல்லப்படுகிறது. மேலும் அந்த ஜெபம் நன்றி. நின்றவர்களில் எவரையும் அது இடிக்கவில்லை. சிறைப்புற ஜெபத்துக்கு விவிலியத்தில் உண்மையான முன்னோடி வேறொருவன். லூக்கா 18இல் வரும் பரிசேயன். கடவுளை விளித்துத் தொடங்கி, தூரத்தில் நின்ற ஆயக்காரன்மீது கல்லெறிந்தவன். அவன் வீடு திரும்பியது எப்படி என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது.

மேலப்பாளையத்தில் வாழ்வதால் இன்னொன்றையும் தினமும் பார்க்கிறேன். ஜும்ஆவில் இமாம் பிரசங்கம் செய்யும்போது மக்களைப் பார்த்து நிற்கிறார். தொழுகை தொடங்கியதும் திரும்பிவிடுகிறார். மக்களுக்கு முதுகைக் காட்டி, அவர்கள் நோக்கும் திசையையே தானும் நோக்குகிறார். மனிதரிடம் பேசுவதும் இறைவனிடம் பேசுவதும் வேறு என்பதை உடலே அறிவித்துவிடுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு கத்தோலிக்கக் குருவும் பலிபீடத்தை நோக்கி, மக்களுக்கு முதுகு காட்டியே பூசை செய்தார். அதற்குத் திரும்பவேண்டும் என்று நான் வாதிடவில்லை. மக்கள் முகம் பார்க்கும் வழிபாட்டில் நன்மைகள் உண்டு. ஆனால் உடல் திரும்பாத இடத்தில் மனம் திரும்பியாக வேண்டும். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்களை மட்டும் மூடிக்கொள்வது திரும்புதல் ஆகாது.

சபையைச் சிரமப்படுத்தாத சில வழிகள் உண்டு. அறிவிப்பை அறிவிப்பாகவே செய்யலாம். கண்டனத்தைப் பிரசங்கத்தில் வைக்கலாம். கேட்பவன் வெளியே வந்து எதிர்த்துப் பேச அங்கே இடமாவது உண்டு. நாம் கேட்குமுன்னே நமக்கு வேண்டியதைப் பிதா அறிவார் என்பது மலைப்பிரசங்கத்தின் பாடம். எனவே அவருக்கு நோய்க்குறிப்பு வாசிக்க வேண்டாம். உள்ளறையில் கதவை அடைத்துக்கொண்டு சொல்லக் கூசுகிற எதையும் கூட்டத்தில் 'ஆண்டவரே' என்று தொடங்கிச் சொல்ல வேண்டாம். நம் பாட்டன்மார் அச்சிட்ட ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்கள். உயிரில்லை என்று அதைக் கேலி செய்தோம். ஆனால் என்றோ எழுதி அச்சிட்ட ஜெபத்தை எதிரே உட்கார்ந்திருப்பவன்மீது எறிய முடியாது. அந்தப் பாதுகாப்பை நாம் இழந்திருக்கிறோம்.

ஜெபக்குழு வந்துபோன மறுநாள், பீடி சுற்றும் பக்கத்து வீட்டு அம்மா வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். இரு கைகளையும் ஏந்தினார். உதடுகள் அசைந்தன, ஓசை இல்லை. கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். 'என்ன கேட்டிய?' என்றாள் அம்மா. 'வலி கொறையட்டும்னுதான் கேட்டேங்க்கா' என்றார் அவர்.

நான் அறையில்தான் இருந்தேன். அந்த ஜெபத்தில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. கண்ணை மூடாமலே ஆமென் என்றேன்.