கையெழுத்துப் போட ஒரு பேராசிரியர்

மாரண்டஹள்ளி அரசுப் பள்ளியில் படித்து, 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேரும் தலித் மாணவருக்கு, இடம் கிடைத்ததோடு ஒதுக்கீட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த கதவு ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இளநிலை மருத்துவ மாணவர்களுக்கென்று 1979 முதல் குறுகிய கால ஆய்வுத் திட்டம் நடத்துகிறது. இரண்டு மாத ஆய்வு. அறிக்கை ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. ஆனால், சொந்தக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வழிகாட்ட ஒப்புக்கொண்டால்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

அவரைப் பிடிப்பது மாணவர் பாடு. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு யாரைப் பார்ப்பதென்று அப்பாவே சொல்லிவிடுவார். முதல் தலைமுறைப் பிள்ளை துறை வாசலில் நிற்கிறது. கூச்சம் என்கிறார்கள். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த சுகதேவ் தோரட் குழுவின் 2007 அறிக்கையைப் படித்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ஆசிரியர்களிடம் போதிய ஆதரவு இல்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 சதவீதம் பேர் அந்தக் குழுவிடம் சொன்னார்கள்.

நட்டம் மாணவருக்கு மட்டுமா? ஃபுளோரைடு தண்ணீரால் பல் கறைபட்ட பிள்ளைகளோடு வளர்ந்தவர் இந்த மாவட்டத்து மாணவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபின்னும் எந்தக் காலனி ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதை ஆய்வுக் கேள்வியாக்கித் தரத்தான் பேராசிரியர் தேவை.

வழிகாட்ட முன்வரும் பேராசிரியர்களின் பெயர், துறை, தலைப்பு ஆகியவற்றைத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இதற்கு அரசாணைகூட வேண்டியதில்லை; முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும்.