ஷார்ட்கட் வள்ளல்களுக்கு ஒரு கும்பிடு

ஜிஆர்இ கணக்கில் சந்தேகம் கேட்டால் போதும், நம் சீனியர்கள் உடனே ஒரு ஷார்ட்கட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். இதுவா உதவி? ஒரு மிகை எண். அது பெரிதா, அதன் வர்க்கம் பெரிதா? "வர்க்கம்தான், டிக் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இரு" என்பார்கள். எண் அரை என்றால் வர்க்கம் கால்தானே அய்யா! ஒன்று என்றால் இரண்டும் சமம். ஆக, 'கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது' என்பதே விடை.

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபின் 47 நிமிடத்தில் 27 கணக்கு. கால்குலேட்டர் திரையிலேயே இருக்கிறது. பெருக்கத் தெரியுமா என்றா பார்க்கிறார்கள்? அந்த அரை நம் மண்டையில் உதிக்கிறதா என்றுதான். (கட்டணம் 20,000 ரூபாய்க்கு மேல், ஞாபகம் இருக்கட்டும்.)

கேட்கிறவன் போட்ட வழியை முதலில் வாங்கிப் பாருங்கள். எந்த வரியில் சறுக்கினான் என்று காட்டுங்கள். விடைதான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே, அதற்கு நீங்கள் எதற்கு?