மோதிர விரலை விட்டுவிடுங்கள்

உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளங்கைக்கு அடியில் செருகிக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். பெருவிரல் எழும்பும், ஆள்காட்டி விரல் எழும்பும், சுண்டுவிரலும் எழும்பும். மோதிர விரல் மட்டும் பசை போட்டு ஒட்டியதுபோலக் கிடக்கும். அதன் தசைநாண் புறங்கையில் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு குறுக்கு இழைகளால் பிணைந்திருக்கிறது. எத்தனை வருடம் சாதகம் செய்தாலும் அந்தப் பிணைப்பு விடாது.

இந்த விரலைத்தான் மற்ற விரல்களுக்குச் சமமாக்கிக் காட்டுகிறோம் என்று பியானோ வகுப்புகள் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படுத்துகின்றன. விரலை உயரத் தூக்கு, ஓங்கி அடி, கை கடுத்தால் கடுக்கட்டும், அப்போதுதான் வலு ஏறும் என்பது பாடம். பெரிய மேதைகளெல்லாம் இப்படித்தான் வந்தார்கள், இதுவே கிளாசிக்கல் மரபு என்ற நம்பிக்கை ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஊறிக் கிடக்கிறது. சென்னையில் டிரினிட்டி இசைத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் வீடுகளிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். உடற்கூறு இதை ஏற்கவில்லை. வரலாறும் ஏற்கவில்லை.

இசைமேதை பாக் வாசிக்கும்போது விரல் அசைவதே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருந்தது என்று, 1802இல் அவருடைய வாழ்க்கையை எழுதிய ஃபோர்க்கெல் பதிவுசெய்திருக்கிறார். தொடக்கப் பயிற்சிகளில் மாணவர்களின் பொறுமை தீர்ந்துபோவதைக் கண்டால், அதே பயிற்சியை உள்ளே வைத்து ஒரு சின்ன இசைத்துண்டு எழுதிக் கொடுத்துவிடுவாராம். 1723இல் அவர் திருத்தமாக எழுதிவைத்த ‘இன்வென்ஷன்’கள் அப்படிப் பிறந்தவை என்கிறார் ஃபோர்க்கெல். அவற்றின் முகப்பில் பாக் குறிப்பிடும் நோக்கங்களில் ஒன்று, பாடுவதுபோல் வாசிக்கப் பழகுவது. விரல் வலுவைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை.

அப்படியானால் இந்த ‘மரபு’ எங்கிருந்து வந்தது? 1814இல் லோஜியர் என்பவர் விரல் பழக்கும் ஒரு பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். மணிக்கட்டு இரண்டு சட்டங்களுக்கு நடுவே நிற்கும், ஒவ்வொரு விரலும் தனித்தனித் தடுப்புக்குள் போகும். பாரிஸில் பியானோ கலைஞர் கால்க்பிரென்னர் அதையே எளிதாக்கி, கையைத் தாங்க ஒரு சட்டம் வைத்தார். பிறகு இசைக் கல்லூரிகள் பெருகின. 1858இல் ஷ்டுட்கார்ட் கல்லூரியின் லேபெர்ட்டும் ஷ்டார்க்கும் எழுதிய பாடநூல் விரலை உயரத் தூக்கி அடிப்பதையே முறையாக்கியது. 1873இல் ஹானோனின் அறுபது பயிற்சிகள் வந்தன. ஐந்து விரலும் சமமாகப் பழகிவிட்டால் எதையும் வாசித்துவிடலாம் என்பது அந்தப் புத்தகத்தின் முன்னுரை தரும் வாக்குறுதி. ஆக, பழைமை என்று நாம் கும்பிடுவது பாக் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின் வகுப்பறைக்காகச் செய்யப்பட்ட சரக்கு. கூட்டமாக மாணவர்களை வைத்துக்கொண்டு சொல்லித்தருபவருக்கு, விரல் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்ப்பது எளிது. தோள் இறுகியிருக்கிறதா, ஒலி பாடுகிறதா என்று ஒவ்வொருவரிடமும் கவனிப்பது கடினம்.

1831இல் பாரிஸுக்கு வந்து இறங்கிய இசையமைப்பாளர் ஷோப்பானுக்கு வயது 21. மூன்று வருடம் என்னிடம் படி என்றார் கால்க்பிரென்னர். ஷோப்பான் படிக்கவில்லை. பின்னாளில் ஒரு பாடநூல் எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டார். அந்தக் குறிப்புகள் மிஞ்சியிருக்கின்றன. விரல்களைச் சமமாக்கப் பார்ப்பது இயற்கைக்கு எதிரான வேலை, ஒவ்வொரு விரலுக்கும் அதன் அமைப்புக்கேற்ற ஒரு குரல் உண்டு என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. மோதிர விரலை நடுவிரலின் ஒட்டிப்பிறந்த இரட்டை என்றே எழுதுகிறார். பிரிக்கவும் முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை என்கிறார். முதல் பாடமாக அவர் வைத்தது வெள்ளைக் கட்டைகள் மட்டுமே உள்ள சி மேஜர் அல்ல, பி மேஜர். அதில் நீண்ட விரல்கள் மூன்றும் உயர்ந்து நிற்கும் கறுப்புக் கட்டைகளில் அமர, பெருவிரல் வெள்ளையில் இளைப்பாறும். கை தன் வடிவத்திலேயே இருக்கும். ஆறு மணி நேரம் சாதகம் செய்கிறேன் என்று வந்த மாணவியிடம் கோபித்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் கூடாது என்று தடுத்தவரும் அவரே.

பியானோவின் உள்ளே பார்த்தாலும் இதே கதைதான். ஒரு கட்டை கீழே போக ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். அது இறங்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர். கட்டை அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் அதிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறந்து கம்பியைத் தட்டிவிடும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஒலி மாறாது. அந்த அழுத்தம் முழுக்க வாசிப்பவரின் முழங்கைக்கே திரும்புகிறது. விரலுக்கு வலு ஏற்றும் பேச்சும் பொருந்தவில்லை. விரலுக்குள் அதை அசைக்கும் தசை கிடையாது. அந்தத் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன.

வலியை மிதித்துக்கொண்டு போனவர்கள் என்ன ஆனார்கள்? லைப்ஸிக்கில் பியானோ மேதையாகும் கனவோடு படித்த இசையமைப்பாளர் ஷூமன், விரலைப் பழக்க ஒரு கருவியைப் பயன்படுத்தினார். 1832இல், 22 வயதில், வலதுகை நடுவிரல் அவர் சொன்னபடி கேட்கவில்லை. அறுத்த விலங்கின் குடலுக்குள் கையை வைக்கும் சிகிச்சை வரை போய்ப் பார்த்தார். கருவிதான் காரணமா, வேறு நோயா என்பதில் மருத்துவர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அவர் மேடைப் பியானோ கலைஞர் ஆகவே இல்லை என்பதில் சந்தேகமில்லை. 1960களின் நடுவில் அமெரிக்கக் கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு வலதுகையின் கடைசி இரு விரல்களும் உள்ளே சுருண்டுகொண்டன. சுமார் முப்பது வருடம் அவர் பெரும்பாலும் இடதுகைக்கென்று எழுதப்பட்டவற்றையே வாசித்தார். கை சோர்ந்த பிறகும் விடாமல் உழைத்ததைத் தன் தவறாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார்.

பியானோ மேதை ராக்மனினாஃபே ரஷ்யக் கல்லூரிகளில் ஹானோன் பயிற்சிகள் கட்டாயம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாரே என்று கேட்பார்கள். சொன்னார், உண்மைதான். ஆனால் ராக்மனினாஃபின் கை ராக்மனினாஃபுடையது. அதே பயிற்சியில் கை கெட்டு வீட்டுக்குப் போனவர்களிடம் யாரும் பேட்டி எடுக்கவில்லை. மரபைத்தான் பின்பற்றுவோம் என்றால் 1885இல் பெர்லினில் பியானோ ஆசிரியர் லுட்விக் டெப்பே எழுதியதையும் படிக்க வேண்டும். பியானோக்காரர்களின் கைவலி பற்றியது அந்தக் கட்டுரை. விரலோடு கை முழுவதையும் வாசிப்பில் சேர்க்கச் சொல்கிறது.

திரும்பத் திரும்ப வாசிக்காமல் எந்தக் கலையும் வராது, சாதகம் வேண்டும். வேண்டாதது வலி. உங்கள் பிள்ளை கை வலிக்கிறது என்று சொன்னால், சோம்பேறித்தனம் என்று அதட்டாமல் அன்றைக்குப் பியானோவின் மூடியைச் சாத்துங்கள். அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் மணிக்கட்டையும் தோளையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க மாட்டேன், அது பழகிப்போகும் என்று சொன்னால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.