வாலறிவு

பத்தாம் வகுப்பு மாணவரை, "என் வீட்டில் ஒருவர்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு ஒருமுறை கூறியிருந்தேன். தாயைப் பற்றியும் பாட்டியைப் பற்றியும் கட்டுரைகள் குவிந்தன. ஒன்றே ஒன்று நாயைப் பற்றியது. எழுதியவன் கினிகத்தேனைக்கு அண்மையில் உள்ள தோட்டமொன்றில், லயத்து வீட்டில் வசிப்பவன். தந்தையாருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து, ஞாயிறு மாலையே திரும்புபவர். "அப்பா வரும் நாள் எங்கள் ஜிம்மிக்கு முன்னரே தெரியும். பஸ் வர அரைமணி நேரம் இருக்கும்போதே எழுந்து மதகடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு ஞானதிருஷ்டி உண்டு" என்று முடித்திருந்தான். எழுத்துப் பிழை இரண்டு இருந்தன. கருத்துப் பிழை உண்டா என்று சொல்ல எனக்கு உடனே துணிவு பிறக்கவில்லை.

நாய் வளர்க்கும் வீடுகளில் இவ்வகைக் கதை ஒன்றேனும் இல்லாமல் இராது. எசமான் நினைத்த மாத்திரத்திலேயே நாய் அறிந்துகொள்கிறது என்பார்கள். வள்ளுவர் இறைவனை வாலறிவன் என்றார். அங்கே வால் என்பது தூய்மை. நம் வீட்டு நாய்களுக்கு உரியது வேறொரு வாலறிவு. அது வாலினால் பேசுவது, நம்மையோ தலைமுதல் கால்வரை வாசிப்பது. இந்தச் சிலேடைக்காகத் தமிழ்ப் பண்டிதர்கள் என்னை மன்னிப்பார்களாக.

இந்த விஷயம் மேல்நாட்டாரையும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தில் ஜேட்டி என்றொரு நாய். எசமானி வீடு திரும்பப் புறப்படும் வேளையிலேயே அது சாளரத்தருகே சென்று காத்திருக்கிறது என்று ரூபர்ட் ஷெல்ட்ரேக் என்னும் ஆய்வாளர் எழுதினார். 1999 இல் இதுபற்றிய அவருடைய நூலும் வெளிவந்தது. அதே நாயை 1995 இல் சோதித்துப் பார்த்த உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினரோ, அது வேறு பல காரணங்களுக்காகவும் அடிக்கடி சாளரத்துக்குச் செல்கிறது என்று கண்டு, 1998 இல் தம் முடிவை வெளியிட்டார்கள். வழக்கு இன்றும் தீரவில்லை என்பாரும் உளர். என் மனம் வைஸ்மன் பக்கமே சாய்கிறது. அதற்குக் காரணம் நாயன்று, ஒரு குதிரை.

பெர்லின் நகரில் வில்ஹெல்ம் வான் ஒஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணித வாத்தியார் ஒருவர், ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். கூட்டல் கேட்டால் விடையின் அளவுக்குக் குளம்பைத் தட்டும். ஊரே வியந்தது. 1907 இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையோடு ஆராய்ந்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் காணாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும், கேட்பவர் தம்மை அறியாமலே தலையைச் சிறிது அசைத்துவிடுகிறார். குதிரை அவ்வசைவைக் கண்டு நிறுத்திக்கொள்கிறது. வாத்தியார் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் உடல் பேசுவதைத் தாமே அறியாதவர், அவ்வளவுதான். (பரீட்சை மண்டபத்தில் என் முகத்தைப் பார்த்தே விடையைத் திருத்தும் பிள்ளைகளை எனக்கும் தெரியும்.)

குதிரையின் கதையை அந்த மாணவனிடம் சொல்லி, "ஜிம்மியையும் சோதிப்போமா?" என்று கேட்டேன். அவனுக்கு அரை மனம். ஆயினும் ஒரு கொப்பியில் நேரங்களைக் குறித்துவர இசைந்தான். முதல் மாதம், கட்டுரையில் எழுதியிருந்தது போலவே நடந்தது. ஐந்து பத்துக்கு நாய் மதகடிக்குப் போயிற்று. ஐந்து நாற்பதுக்குப் பஸ் வந்தது. இரண்டாம் மாதம் தந்தையார் எனக்கு மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமையே நண்பர் ஒருவரின் லொறியில் வந்தார். வீட்டில் எவருக்கும் தெரியாது. ஜிம்மி அடுப்படியில் சுருண்டு கிடந்தது. படிக்கட்டில் அவருடைய இருமல் கேட்ட பிறகே எழுந்து, வழக்கத்தைவிட இருமடங்கு துள்ளியது. பையனுக்கு முகம் வாடிவிட்டது. மூன்றாம் மாதத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இந்த ஆராய்ச்சியில் எனக்கு இத்தனை அக்கறை வந்ததற்கு ஒரு பழங்கணக்கு உண்டு. என் மகளுக்கு நான்கு வயதாயிருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. அது உண்ணும்போது குழந்தை கோப்பையில் கையை வைப்பாள். நாய் உறுமும். நானோ பத்திரிகையைச் சுருட்டி அதன் முதுகில் அடித்து, "குழந்தையிடமா உறுமுகிறாய்?" என்று அதட்டுவேன். சில வாரங்களில் நாய் உறுமுவதை விட்டுவிட்டது. நல்லொழுக்கம் கற்பித்துவிட்டதாகப் பெருமை கொண்டேன். ஒரு நாள் மாலை, ஒலி ஏதும் எழுப்பாமலே, அது குழந்தையின் கையைக் கவ்விவிட்டது. "நாய் திடீரென்று கடித்தது" என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னேன். அது பொய். நாய் பல வாரம் சொல்லிக்கொண்டே இருந்தது. சொல்லும் வாயை அடைத்தவன் நான். உறுமுவதற்கும் முன்பே அது உடலை விறைத்திருக்கும், முகத்தைத் திருப்பியிருக்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்த்திருக்கும், உதட்டை நக்கியிருக்கும். பசியால் நக்குகிறது என்று நான் எண்ணியிருப்பேன்.

கையைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவினோம். நேரம் தாழ்த்தாமல் தடுப்பூசிக்கும் கொண்டுசென்றோம். இவ்விரண்டையும் எந்த வீட்டாரும் மறத்தலாகாது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் விசர்நாய்க்கடி நோயால் ஆண்டுதோறும் முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தொகை அண்மை ஆண்டுகளில் முப்பதை ஒட்டியோ அதற்குக் கீழோ வந்திருப்பது நாய்களுக்கும் மனிதருக்கும் இட்ட ஊசியின் பயனே. நாயை அடித்துக் கொல்லவேண்டும் என்று அயலார் சொன்னார்கள். நாங்கள் பத்து நாள் கட்டிவைத்துப் பார்த்தோம். நோய் எதுவும் இல்லை. பின்னும் ஐந்தாண்டு எங்களோடு இருந்தது. அது உண்ணும் வேளையில் எவரும் அருகே போகலாகாது என்பதே புதிய சட்டம். என் மகளின் கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

நாம் நாயை வாசிக்கத் தெரியாதவர்கள். நாயோ நம்மை வாசிப்பதில் பட்டதாரி. வீட்டில் ஊட்டி வளர்த்த நாய்தான் அப்படி என்று கருதவும் வேண்டா. கொல்கத்தாவை அடுத்த மோகன்பூரில் இயங்கும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவும் அவர் மாணவர்களும் தெருநாய்களிடம் ஒரு சோதனை நடத்தி, 2020 இல் வெளியிட்டார்கள். மூடிய இரு கிண்ணங்களை வைத்து, ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினார்கள். எவ்விதப் பயிற்சியும் பெறாத அந்த நாய்களில், கிண்ணத்தை அணுகியவற்றுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது, சுட்டிய கிண்ணத்துக்கே சென்றன. ஆனால் ஏறத்தாழப் பாதி நாய்கள் கிண்ணத்தை நெருங்கவே இல்லை. அஞ்சி விலகி நின்றுவிட்டன. நீட்டிய கை முன்பு எதை எறிந்தது என்பது அவற்றுக்கு நினைவிருந்தது போலும். நம் கடைத்தெருவில் ஒருவர் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தால் போதும், பத்து நாய் ஓடும். அதற்கு எந்தக் கல்லூரியும் வேண்டியதில்லை.

ஜப்பானிய ஆய்வாளர் நாகசாவாவும் தோழர்களும் 2015 இல் வேறொன்று கண்டார்கள். நாயும் அதன் எசமானும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் நோக்கியபோது, தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பு உண்டாக்கும் ஒக்சிடோசின் என்னும் சுரப்பு இருவரிடத்தும் மிகுந்ததாம். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது காணப்படவில்லை. ஆகவே அன்பு ஒருதலையானது அன்று.

இப்பிணைப்பு நேற்றுத் தோன்றியதுமன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆனிரை காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்தது. அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்றது என்றும் கல் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் எத்தனையோ செல்வர் பெயர் அழிந்தது; ஒரு நாயின் பெயர் நிற்கிறது. விசயனின் தோழர்கள் இத்தீவில் கரையேறியபோது, நாயொன்றைக் கண்டே இங்கு ஊர் இருக்கவேண்டும் என்று ஊகித்ததாக மகாவமிசமும் கூறும்.

தோட்டப்புறத்தில் இவ்வறிவுக்கு உயிரின் விலை உண்டு. லயங்களை அடுத்த காடுகளில் திரியும் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. வழிப்போக்கனைக் கண்டால் குரைக்கும் நாய், சிறுத்தையின் வாடை பட்டால் குரலடங்கி, வால் ஒடுங்கி, கதவை ஒட்டிக்கொள்ளும் என்று முதியவர்கள் சொல்வார்கள். அந்நேரம் "சனியனே, வெளியே போ" என்று தள்ளுகிறவர்களும் உண்டு.

இனி மூன்றாம் மாதம். கினிகத்தேனை என்றால் சிங்களத்தில் தீப்பற்றிய சேனை என்று பொருள். எவர் வைத்த பெயரோ! அந்தச் சனிக்கிழமை வானமே இடிந்து கொட்டியது. கித்துல்கலைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டது. தந்தையார் புறப்பட்ட பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. தொலைபேசித் தொடர்பும் இல்லை. வீட்டாருக்கு எதுவும் தெரியாது. ஜிம்மி ஐந்து பத்துக்கு எழுந்து, மழையிலேயே மதகடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பஸ் வராது என்று எந்த ஞானதிருஷ்டியும் அதற்குச் சொல்லவில்லை. இருட்டும்வரை அது அசையவில்லை.

திங்கட்கிழமை கொப்பியைக் கொண்டுவந்த பையன், "அப்படியென்றால் ஜிம்மிக்கு அப்பாவைத் தெரியாதா, சேர்?" என்றான்.

"அன்று உன் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். வீட்டில் கேட்டு வருவதாகச் சொன்னான். "நான் ஒன்றும் விசேஷமாகச் செய்வதில்லையே" என்று தாயார் சொல்லிவிட்டாராம். ஆனால் அடுத்த கடைசிச் சனிக்கிழமை அவன் நாயை விட்டுவிட்டுத் தாயையே பார்த்துக் குறித்திருந்தான். நான்கு மணிக்கு முற்றத்தைக் கூட்டினார். நாலரைக்கு மறுபடியும் கூட்டினார். துவாயை எடுத்துக் கொடியில் போட்டார். குளிக்க வெந்நீர் வைத்தார். ஐந்து மணிக்குத் தலையை வாரிக்கொண்டு, வாசலில் நின்று கீழே பாதையை ஒருமுறை பார்த்தார். ஐந்து பத்துக்கு ஜிம்மி எழுந்தது.

கொப்பியின் அந்தப் பக்கத்தில் நான் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை. தாயாரிடம் அதைக் காட்டினாயா என்று கேட்டேன். காட்டியதாகவும், அவர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நாய்க்கு இன்னுமொரு பிடி சோறு வைத்ததாகவும் சொன்னான்.