குடியானவரும் யூடியூப் வருமானமும்

தாமிரபரணிப் பாசனத்திலே கார் சாகுபடிக்கு அணை நீர் போதாமற்போகும் வருஷங்களில், இளங் குடியானவர்கள் கைபேசியை வரப்பிலே நிறுத்தித் தம் வேலையைப் படமெடுத்து, யூடியூபில் வெளியிட்டுப் பொருளீட்ட முயல்வது இப்பொழுது சாதாரணமாகிவிட்டது. முதியோர் சிலர் இதனைச் சோம்பேறித்தனமென்று இகழ்கின்றனர். அவ்வபிப்பிராயம் எனக்குச் சம்மதமன்று. ஆயினும் கணக்குப் பாராமல் இதில் இறங்குவோரை எச்சரிப்பது அவசியமாகிறது.

விளம்பர வருமானத்தில் பங்கு பெற, 1000 சந்தாதாரர்களோடு, 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையாவது, ஷார்ட்ஸ் என்னும் சிறு படங்களுக்கு 90 நாளில் 1 கோடிப் பார்வையாவது இருத்தல் வேண்டும். ஒருவர் சராசரி நான்கு நிமிஷம் பார்ப்பதாகக் கொண்டால், 4000 மணிக்கு 60,000 பார்வைகள் ஆகின்றன. அதன் பின்னரே நெடும் படங்களின் விளம்பரத் தொகையில் நூற்றுக்கு 55 பங்கு படமெடுத்தவரைச் சேரும். அதுவும் 100 டாலர் திரண்ட பிறகே கைக்கு வரும். நடவுக் காலத்தில் பகலிற் படமெடுத்து இரவில் அதனைத் திருத்துகிறவர், அவ்வுழைப்பிற்கும் ஓர் ஆள் கூலி போட்டுக் கணக்கெழுதிப் பார்ப்பாராக.

புதுக்கோட்டை ஜில்லா சின்னவீரமங்கலத்து ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ குழுவினரை எல்லோரும் உதாரணங் காட்டுகின்றனர். 2018-ல் தொடங்கிய அவர்கள் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை அடைந்தனர்; தமிழில் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியவர்கள் அவர்களே. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லக்ஷம் ரூபாயும் அளித்தனர். ஆனால் அக்குழுவின் பெரியவர் பெரியதம்பி, படத்தில் தோன்றுவதற்கு வெகு காலம் முன்னரே சமையல் தொழிலிற் பழகிய கையுடையவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் அபாயம் வேறு. பிசானத்தில் பனியும் மேகமூட்டமும் உள்ள நாட்களில் நெல்லைக் குலைநோய் தாக்குவதுண்டு. அச்சமயம் யூரியாவை மிகுதியாக இட்டால் நோய் வலுக்கும். பயிர் வெளுத்தால் உடனே யூரியா இடுக என்று எங்கோ எடுத்த படத்தைப் பார்த்து, அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு குடியானவர் அவ்வாறே செய்து, அரைக் கோட்டை விதைப்பாட்டில் பாதிக்கு மேல் பதராகக் கண்டதை நான் நேரில் பார்த்தேன். படமெடுத்தவருக்கு இதில் நஷ்டமொன்றுமில்லை. அவருக்கு ஒரு பார்வை கூடிற்று.

பூச்சிமருந்தும் பயிர் ஊக்கியும் விற்போர் பணங்கொடுத்துப் புகழச் சொல்வதும் பெருகிவருகிறது. பணமோ இலவசப் பொருளோ பெற்றவர் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டுமென்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ஆம் வருஷ விதி. ஏமாற்று விளம்பரத்திற்கு, 2019-ஆம் வருஷச் சட்டப்படி 10 லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நம் பகுதியாருக்கு விளம்பரக் காசைவிட நேர் விற்பனையே லாபமென்பது என் எண்ணம். சந்தாதாரர் ஐந்நூறு பேரே ஆயினும், அவருள் ஐம்பது பேர் வருஷந்தோறும் அரிசியோ வாழைக்குலையோ வாங்குவாராயின் தரகு மிச்சமாகும். வாங்குவோர் நம்பும்படி, நெல்லின் ரகம், விதைத்த தேதி, எந்தக் காலின் பாசனம், இட்ட உரம், செலவு, கண்ட மகசூல் ஆகியவற்றைப் படத்திலே சொல்லுக. மகசூல் குறைந்த வருஷத்தையும் மறைக்க வேண்டா. பயிர்நோயைப்பற்றிப் பேசுமுன் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டுக்கொள்ளலாம். 1937 முதல் நம் ஆற்றுப் பாசன நெல்லை ஆராய்ந்துவரும் அந்நிலையம், பஸ்ஸிற் போய்வரும் தூரத்திலேயே இருக்கிறது.