திண்ணையில் அமர்ந்த சிறுவன்



சென்ற திங்களில் போலகத்தில் ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். மாலை நேரம். தெருப்பிள்ளைகள் பந்தாட, 9 வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஓடினால் கிட்னி கெட்டுவிடும் என்று உட்கார வைத்திருக்கிறோம், சாமி" என்றார் அவன் பாட்டி. நமக்கு நெஞ்சு சுட்டது. பங்கின் விளையாட்டு விழாவில் அவனை ஓடவிடாமல், பரிசுத் தட்டை ஏந்தி நிற்கச் செய்தவர் நாமே அன்றோ!

'நெப்ராடிக் சின்ட்ரோம்' என்பது அவன் நோயின் பெயர். சிறுநீரில் புரதம் வீணாகி, கண்ணிமையும் காலும் வீங்கும். குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு மாத்திரையால் தணியும். பலருக்கு மீண்டும் தலைகாட்டும். ஓட்டமும் ஆட்டமும் இந்நோயை உண்டாக்குவதில்லை. மாறாக, வீக்கத்தோடு நெடுநாள் படுத்தே கிடந்தால் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் மிகும். மாத்திரையோ பசியைப் பெருக்கி உடலைப் பருக்கச் செய்யும். எலும்பின் வலுவையும் குறைக்கும். இவ்விரண்டிற்கும் நடையும் விளையாட்டும் நல்ல துணை.

நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளையும் நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் ஓடியாட ஊக்குவிக்க வேண்டும் என்கிறது, 2024-ல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி. மாற்றுச் சிறுநீரகம் முதலிய உறுப்புகளைப் பெற்றவர்களுக்கென 1978-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் தொடங்கிய விளையாட்டுப் போட்டிகள் இன்றும் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன.

ஆயினும் அளவறிதல் வேண்டும். காய்ச்சல், மிகுந்த வீக்கம், மூச்சுத் திணறல், அடங்காத இரத்த அழுத்தம் உள்ள நாளில் ஓய்வே தக்கது. எலும்பு நலிந்த பிள்ளையும், வயிற்றில் டயாலிசிஸ் குழாய் பொருத்திய பிள்ளையும் மருத்துவரைக் கேளாமல் மோதி விளையாடலாகாது. நண்பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும். பருகும் நீரின் அளவும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். ஆதலால் மருத்துவரிடம், "எது கூடாது?" என்று மட்டும் கேளாதீர்கள், "எதையெல்லாம் விளையாடலாம்?" என்றும் கேளுங்கள். விடையை எழுதி வாங்கிப் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள்.

யாயிரின் மகளை ஆண்டவர் கைப்பிடித்து எழுப்பினார். 12 வயதுச் சிறுமி எழுந்து நடந்தாள். அவளுக்கு உணவு கொடுக்கச் சொன்னாரேயன்றி, மீண்டும் படுக்க வைக்கச் சொல்லவில்லை. அஞ்சி அடைத்து வைப்பது அன்பாகிவிடாது.

அச்சிறுவனின் தாய் மருத்துவரைக் கேட்டு வந்துவிட்டார். தடையில்லையாம். அடுத்த விழாவில் அவன் ஓடட்டும். பரிசுத் தட்டை நாம் ஏந்தி நிற்போம்.